பொருள் எண் 613

ஏப்ரல் 9

மின்னாக்கப் பணி முடியும்வரை காப்பாட்சியர்கள் நாள்தோறும் பணிக்குறிப்பு எழுத வேண்டும் என்று சென்னைப் பயிற்சியில் சொன்னார்கள். யாரும் வாங்கிப் பார்க்கப் போவதில்லை. என்னைப் போன்றவர்கள் மட்டும் எழுதுவோம்.

இரண்டு நாள் பயிற்சி. மாநிலத்தின் சிறு அருங்காட்சியகங்களிலிருந்து நாற்பது பேர். முதல் நாள் முழுக்கக் கைப்பேசியில் பிளாஷை அணைப்பது எப்படி என்று கற்றோம். மறுநாள் போர்ட்டல். ஒவ்வொரு பொருளையும் படம் பிடித்து அதில் ஏற்ற வேண்டும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எங்கள் கீழ்ப்பாறை அருங்காட்சியகத்தில் 612 பொருட்கள். கடைசி நாள் மே 31.

பயிற்றுநர் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னது ஒன்றே ஒன்று. எல்லாப் படத்திலும் அளவுகோல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டியும் தாழியும் ஒன்றாகத் தெரியும். ஆளுக்கொரு கறுப்பு வெள்ளை அளவுகோலைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். தொலைத்தால் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.

ஏப்ரல் 10

ஊர் வந்து சேர்ந்தேன். அளவுகோல் பேருந்திலேயே தன் பயணத்தைத் தொடர்ந்திருக்கிறது.

ஏப்ரல் 12

அளவுகோலுக்கு மாற்று ஏற்பாடு செய்தாயிற்று.

கடையில் ஒரு கோல் வாங்கலாம். ஆனால் போர்ட்டலில் 'அளவு ஆதாரம்' என்ற கட்டத்தில் இரண்டே வழிதான் இருக்கிறது. ஒன்று, தலைமையகம் வழங்கிய கோல். மற்றொன்று, அரசு அலுவலர் சான்றளித்த நீளமுள்ள ஏதேனும் ஒன்று. கடைக்காரர் அரசு அலுவலர் இல்லை. காலை முழுவதும் கட்டடத்தைச் சல்லடை போட்டுத் தேடினேன். அரசு சான்றளித்த நீளம் இந்தக் கட்டடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. காட்சிக்கூடக் காவலர் செல்லக்கண்ணு. உயரம் 163 செ.மீ. என்று 1995இல் அரசு மருத்துவர் அவருடைய பணிப்பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டிருக்கிறார்.

கூப்பிட்டு விளக்கினேன்.

"நா சும்மா பக்கத்துல நின்னா போதுமா மேடம்?"

"போதும். அசையக் கூடாது."

"முப்பத்தோரு வருஷமா அதத்தான பண்ணுதேன்," என்று செருப்பைக் கழற்றினார்.

செருப்போடு நின்றால் 165 ஆகிவிடும் என்று நான் சொல்வதற்கு முன்பே கழற்றிவிட்டார். வேலை தெரிந்த மனிதர். இந்த மே 31இல் ஓய்வு பெறுகிறார். இப்போதைய உயரத்தை நான் அளக்கவில்லை. அளந்தால் எழுத வேண்டியிருக்கும்.

ஏப்ரல் 15

41 பொருட்கள் முடிந்தன. மேற்கூரைக் கண்ணாடி வழியே பத்தரை மணிக்கு வரும் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. சரியாகப் பதினொன்றுக்கு செல்லக்கண்ணுவின் சட்டைப்பையில் கைப்பேசி அதிரும். உடனே இடக்கையால் அதை அமுக்கிக்கொள்வார். முகம் அசையாது. தென்காசியிலிருந்து அவர் மனைவி பவளம் கூப்பிடுகிறார். அந்த அம்மா அங்கே ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். சோறு வேகும் நேரத்தில் ஐந்து நிமிடம் கிடைக்குமாம்.

எங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. பள்ளிக்கு சனி, ஞாயிறு. ஆகவே இவர் வியாழன் மாலை பேருந்து ஏறி, வெள்ளி பகல் முழுக்க ஆளில்லாத வீட்டில் மனைவிக்காகக் காத்திருந்து, சாயங்காலம் பார்த்து, சனி விடியலில் திரும்பிவிடுவார். முப்பத்தோரு வருடம்.

"தெருவுல என்னய வெள்ளிக்கிழம மாப்பிள்ளைன்னுதான் சொல்லுவாக மேடம்," என்றார்.

நான் அடுத்த பொருளைப் பார்த்தேன்.

ஏப்ரல் 18

ஒரு சிக்கல். மதியத்துக்குப் பிறகு எடுத்த சிலைகள் எல்லாம் வளர்ந்திருக்கின்றன. படத்தில் உள்ள அளவு ஆதாரத்தை வைத்துப் போர்ட்டல் தானே உயரத்தைக் கணக்கிடும். பதிவேட்டில் 92 செ.மீ. உள்ள அம்மன் போர்ட்டலில் 94. மூத்த தேவியான தவ்வைக்கு மூன்று செ.மீ. கூடுதல்.

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். சாப்பிட்டபின் செல்லக்கண்ணு சற்றுக் கூனிவிடுகிறார். அவர் குறைந்தால் சாமி கூடுகிறது. இனி மதியப் படப்பிடிப்பு கிடையாது. சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, தினமும் காலையில் அவரை அதில் சரிபார்த்துக்கொள்கிறேன்.

வீட்டிலிருந்து கொண்டுபோகும் எலுமிச்சைச் சாதத்தை அவருக்கும் சேர்த்துக் கட்டுவதை நிறுத்துவதா என்று யோசித்தேன். நிறுத்தவில்லை. அவர் வாங்கும் கடைச்சாப்பாடு இன்னும் கனமானது.

ஏப்ரல் 24

வெள்ளி. விடுமுறை. துணி துவைத்தேன். காஸ் புத்தகத்தைத் தேடினேன். வேறொன்றும் இல்லை.

ஏப்ரல் 28

பொருள் எண் 388, பாடம் செய்த முதலை. 1950களில் யாரோ கொடுத்தது. முதலையின் நீளத்துக்கு நிற்கும் ஆள் உதவமாட்டார். செல்லக்கண்ணு தரையில் துண்டை விரித்து முதலையின் பக்கத்தில் படுத்தார். போர்ட்டல் உடனே குறிச்சொல் போட்டது: 'முதலைகள், ஜோடி.'

காசுகளுக்கும் முழு ஆளாகத்தான் நிற்கிறார். ஒரே அளவு ஆதாரம் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது பயிற்சியில் சொன்ன விதி. படத்தில் செல்லக்கண்ணு கம்பீரமாகத் தெரிகிறார். காலடியில் ஒரு புள்ளி. அதுதான் பாண்டியர் காசு.

மே 6

612 முடிந்தது. இருபத்தைந்து நாள் முன்னதாக. மாவட்டங்களில் நாங்கள்தான் முதல். ஆளுக்கொரு பாதுஷா வாங்கிச் சாப்பிட்டோம்.

மே 9

போர்ட்டலில் 613 பொருட்கள் என்று காட்டுகிறது. இரண்டு முறை எண்ணினேன். கணினியில் எண்ணியதால் இரண்டு முறையும் 613தான்.

மே 10

613ஐத் திறந்து பார்த்தேன். படங்களில் அடிக்கடி வருவதைத் தானே அடையாளம் கண்டு தனிப்பொருளாகப் பதியும் வசதி போர்ட்டலில் இருக்கிறது. பயிற்சியில் அதைப் பற்றிச் சொன்னபோது நான் தேநீர் குடிக்கப் போயிருந்தேன்.

'நின்ற நிலை ஆண் உருவம். காலம்: பதினோராம் நூற்றாண்டு (சராசரி). பொருள்: கல், செம்பு, சுடுமண், காக்கித் துணி. நிலை: நன்று. 612 படங்கள்.'

செல்லக்கண்ணுவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் படித்தார்.

"நன்றுன்னு போட்டிருக்கு," என்றார். அது ஒன்றுதான் அவர் மனத்தில் பட்டது.

மே 13

நீக்கிவிடலாம் என்று உதவி மையத்தை அழைத்தேன். ரெஜினா என்ற பெண் எடுத்தார். பொறுமைசாலி.

"சேர்க்குறதுக்கு பட்டன் இருக்கு மேடம். நீக்குறதுக்கு கமிட்டி இருக்கு."

"கமிட்டி எப்ப கூடும்?"

"அக்டோபர்ல."

"இது பொருள் இல்லம்மா. எங்க காவலர்."

"சிஸ்டத்துல பொருள்னுதான மேடம் வருது."

அவசரமில்லை என்று வைத்துவிட்டேன். எண் ஒன்று கூடியிருப்பதால் யாருக்கு என்ன நஷ்டம்.

மே 16

ஒரு பேராசிரியர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். 613 பற்றிக் கட்டுரை எழுதுகிறாராம். 'இடக்கை நெஞ்சின்மேல், விரல்கள் சற்றே மடங்கியவாறு இருக்கும் இம்முத்திரை வேறெங்கும் காணப்படாதது. உள்ளே விலைமதிப்பற்ற ஒன்றைக் காத்து நிற்கும் பாவனை. முகத்தில் உலகப்பற்று நீங்கிய அமைதி.'

பதினொரு மணி அழைப்பை அமுக்கும் கை அது. படித்துக் காட்டினேன்.

"உலகப்பற்று நீங்கல மேடம். பவளம் கத்துவாளேன்னு நெனச்சிட்டு நின்னேன்," என்றார் செல்லக்கண்ணு.

மே 17

பேராசிரியரின் மாணவர்கள் என்று ஆறு பேர் வந்து 613 எங்கே என்று கேட்டார்கள். "நாந்தான்," என்றார் செல்லக்கண்ணு. சிரித்துவிட்டு எல்லாக் கூடங்களிலும் தேடினார்கள். போகும்போது வருகைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள்: 'முக்கியமான பொருளைக் காட்சிக்கு வைக்கவில்லை. காவலர் அன்பாகப் பேசினார்.'

மே 20

செல்லக்கண்ணுவின் ஓய்வுக் கோப்பை அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது.

காவலர் ஓய்வு பெறும்போது தன் பொறுப்பில் உள்ள பொருட்களை ஒவ்வொன்றாகக் காப்பாட்சியரிடம் ஒப்படைக்க வேண்டும். நான் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டால்தான் விடுவிப்பு ஆணை. இது வெள்ளைக்காரன் காலத்து நடைமுறை. இப்போது பட்டியல் போர்ட்டலிலிருந்து வருகிறது. பட்டியலில் 613 பொருட்கள். அவர் தன்னையும் என்னிடம் ஒப்படைத்தாக வேண்டும். ஒப்படைத்துவிட்டால், இருப்பிலுள்ள பொருள் வளாகத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. ஒப்படைக்காவிட்டால் ஒரு பொருள் குறைவு. குறைவு வைத்துள்ள ஊழியருக்கு ஓய்வு கிடையாது.

"அப்ப நா போணும்னா இங்கயே இருக்கணும். அப்படித்தான மேடம்?" என்று கேட்டார்.

அப்படித்தான் என்றேன்.

மே 21

சரிபார்ப்பு அலுவலர் உலகநாதன் வந்தார். எல்லாவற்றையும் எண்ணும் வகை. 612 முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தார். செல்லக்கண்ணு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். உலகநாதன் படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், டிக் அடித்தார்.

"நல்லா பராமரிக்கிறீங்க," என்று என்னைப் பாராட்டிவிட்டு, "ஈரம் படாம பாத்துக்கங்க," என்றார்.

மே 22

வெள்ளி. செல்லக்கண்ணு தென்காசிக்குப் போகவில்லை. வெளியே போக அனுமதிச்சீட்டு எழுதித் தர வேண்டுமா என்று என்னைக் கேட்டார். நையாண்டியா இல்லையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. விடுமுறை நாளில் இருவரும் திறக்காத அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம்.

மே 24

ரெஜினாவை மறுபடி அழைத்தேன். கமிட்டிக்குப் போகாமல் ஒரு வழி உண்டாம். களவுபோன சிலைகளைக் கோயில்களுக்குத் திருப்பித் தருவதற்காக வைத்திருக்கும் வழி: 'உரியவரிடம் திருப்பி ஒப்படைத்தல்'. அதைக் காப்பாட்சியரே செய்யலாம். மூன்று ஆவணங்கள் வேண்டும். ஒன்று, நம்மிடம் வருவதற்கு முன்பே பொருள் அவரிடம் இருந்ததைக் காட்டும் பழைய புகைப்படம். இரண்டு, உரிமை கோருபவரின் அடையாள அட்டை. மூன்றாவது பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

மே 25

கழிவறைக் குழாய் சரிசெய்தோம். வாசல் பெயர்ப்பலகைக்கு வர்ணம். முதலையின் கண்ணாடிக் கண் ஒன்று விழுந்துவிட்டது, ஒட்டினோம். ஒப்படைப்பு விஷயத்துக்கு நேரம் கிடைக்கவில்லை.

மே 27

புதிய காவலர் பணியிடம் நிரப்பப்பட மாட்டாது என்று கடிதம் வந்திருக்கிறது. ஆகவே அக்டோபர் கமிட்டி வரை செல்லக்கண்ணு இருப்பது அலுவலக நலனுக்கு உகந்தது. இதை அலுவலகக் கண்ணோட்டத்தில்தான் எழுதுகிறேன். வேறு எதுவும் இல்லை.

மே 28

பதினொரு மணிக்கு அதிர்ந்த கைப்பேசியை இன்று அவர் அமுக்கவில்லை. எடுத்து, "இன்னும் தெரியல பவளம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். பிறகு என் மேசைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், மூணாவது தாள் ஒண்ணு இருக்காம்லா. ரெஜினா மேடம் சொன்னாங்க."

"நீங்க அவங்கள கூப்ட்டீங்களா?"

"நாலு நாளா நீங்க கொழா மாத்துறீங்க, பலகைக்கு பெயிண்ட் அடிக்கீங்க. அதான் கூப்ட்டேன்."

அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். செருப்பைப் போட்டுக்கொண்டு காசுக்கூடத்துக்குப் போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றாவது ஆவணம், பொருள் எப்படித் தவறாக இருப்பில் சேர்ந்தது என்று காப்பாட்சியர் தன் கையெழுத்தில் எழுதித் தரும் வாக்குமூலம். அதாவது அளவுகோலைப் பேருந்தில் விட்டதையும், தலைமையகத்துக்குச் சொல்லாமல் மறைத்ததையும் நான் எழுத வேண்டும். இருபத்தெட்டு வருடத்தில் எனக்கு ஒரு மெமோகூட வந்ததில்லை. அது ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. அவர் போய்விட்டால் இந்தக் கட்டடத்தில் பேசக்கூடியது எதுவும் மிச்சம் இருக்காது.

மே 29

வெள்ளி. பவளத்துக்கு நானே போன் செய்தேன். கல்யாணப் படம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு. எதுக்கு?"

"அவர் முதல்ல உங்ககிட்டதான் இருந்தாருன்னு நிரூபிக்கணும்."

எதிர்முனையில் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நா எடுத்துட்டு வாரேன்," என்றார்.

வாக்குமூலம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். 'பேருந்து எடுத்துச் சென்றுவிட்டது' என்று தொடங்கி, அடித்துவிட்டு, 'நான் தொலைத்தேன்' என்று எழுதினேன்.

மே 31

காலை எட்டு மணிக்கே பொறுப்பு ஒப்படைப்பைத் தொடங்கினோம். அவர் எண்ணைச் சொல்லிப் பொருளைத் தொட்டுக் காட்டுவார், நான் டிக் அடிப்பேன். வேறு பேச்சு இல்லை. 388இல் முதலையின் முதுகை ஒருமுறை தட்டிக்கொடுத்தார். பன்னிரண்டரைக்கு 612 முடிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரின் பென்சில் கோட்டுக்கு நேராகப் போய் நின்றார்.

"அறுநூத்திப் பதிமூணு," என்றார்.

பெற்றுக்கொண்டேன் என்று எழுதினேன்.

ஒரு மணிக்குப் பவளம் வந்தார். மஞ்சள் பையில் சட்டம் போட்ட படம், குடும்ப அட்டை. நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளம், நான் பயந்திருந்ததைவிட அமைதி. படத்தின் மூலையில் 1991 என்று ஸ்டூடியோக்காரர் எழுதியிருக்கிறார். மாப்பிள்ளைக் கோலத்தில் செல்லக்கண்ணு. இடக்கை சட்டைப்பையின்மேல், விரல்கள் சற்றே மடங்கி.

"அன்னைக்கும் போன் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"என் மூக்குத்தித் திருகாணி கழண்டுட்டு. பையில போட்டுட்டு, தொலஞ்சிருமோன்னு முகூர்த்தம் முடியிற வரைக்கும் அமுக்கிட்டே நின்னாக."

பேராசிரியர் பாதி சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

படத்தைப் போர்ட்டலில் ஏற்றினேன். ஒப்பீடு ஓடியது. 'நின்ற நிலை ஆண் உருவம். பொருத்தம் 91 விழுக்காடு. முந்தைய உடைமை உறுதி.' அடையாள அட்டை ஏற்கப்பட்டது. மூன்றாவது ஆவணத்தில் என் விரல் சற்று நின்றது. ஏற்றினேன். ஏற்கப்பட்டது.

பெறுபவருக்குத் தரும் நிலை அறிக்கையை நேற்றே எழுதி வைத்திருந்தேன். பவளம் உரக்கப் படித்தார். "இடது முழங்காலில் தேய்மானம். வலது காது சற்று மந்தம். நெடுநேரம் நிற்கும். கையாளும்போது கவனம் தேவை. குறை சொல்லாது." அதோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"காதெல்லாம் நல்லாத்தான் கேக்கும் மேடம். நா கூப்புட்டா மட்டும் கேக்காது."

"திருத்திக்கலாம்," என்றேன்.

"வேண்டாம். இருக்கட்டும்." கீழே 'ஒரு பொருள், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு, "முப்பத்தோரு வருஷம் பத்திரமா வச்சிருந்தீக," என்றார். சொல்லிக்காட்டுகிறாரா, நன்றியா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நான் தகுதியானவள்தான்.

வாசலில் செல்லக்கண்ணு பழக்கதோஷத்தில் கதவைப் பூட்டப் போனார். நான் சாவியை வாங்கிக்கொண்டேன். இருவரும் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். பவளம் முன்னால், இவர் இரண்டடி பின்னால், சரியாக அதே இடைவெளியில். காவல் காத்தே பழகியவர்.

ஜூன் 6

மெமோ வந்துவிட்டது. இருபத்தெட்டு வருடத்தில் முதலாவது. கோப்பில் ஒழுங்காகப் போட்டேன்.

உரியவரிடம் ஒப்படைத்த பொருளின் படத்தை அருங்காட்சியகம் வெளியிடக் கூடாதாம். ஆகவே 612 படங்களையும் போர்ட்டல் எடுத்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டும். புதிய அளவுகோல் கொள்முதல் ஆகஸ்டில். கெடு ஜூலை 15.

ஜூன் 7

ஏப்ரலில் கட்டடம் முழுக்கத் தேடியபோது என்னை நான் கணக்கில் சேர்க்கவில்லை. என் பணிப்பதிவேட்டைத் திறந்தேன். 156 செ.மீ., அரசு மருத்துவர் கையெழுத்து, முத்திரை.

கைப்பேசியை முக்காலியில் வைத்து, பத்து விநாடி நேரம் குறித்து, ஓடிப்போய்ப் பொருளின் பக்கத்தில் நிற்கிறேன். நாற்பதாவது படத்தில் போர்ட்டல் கேட்டது: 'புதிய வகை: நின்ற நிலைப் பெண் உருவம். இருப்பில் சேர்க்கவா?' இந்த முறை தேநீருக்குப் போகாமல் பக்கத்திலேயே இருந்தேன். என்னைச் சேர்த்துவிட்டால் பழைய படத்தை எடுத்துக்கொண்டு யார் வருவார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். எந்த முகமும் நினைவுக்கு வரவில்லை. 'வேண்டாம்' என்பதை அழுத்திவிட்டு அங்கேயே சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 8

பதினொரு மணி. அம்மன் பக்கத்தில் நிற்கும்போது என் கைப்பேசி முக்காலியில் இருந்தபடியே அதிர்ந்து, படம் கலைந்துவிட்டது. தென்காசி எண்.

"மேடம், வீட்டுல பேரன் போன்ல போர்ட்டல் பாத்துட்டு இருக்கேன். நேத்து ஏத்துன நாப்பதும் பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

"கடைசி ஆறுல கூனிட்டீங்க. தவ்வை மூணு சென்டிமீட்டர் வளந்துட்டா." பின்னால் பவளத்தின் குரல் எதற்கோ கூப்பிட்டது. அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. "மத்தியானம் சாப்ட்டுட்டு எடுத்தீங்களா மேடம்?"

ஆமாம் என்று ஒத்துக்கொண்டேன்.

"இனிமே நா தெனம் பதினோரு மணிக்கு பாத்துச் சொல்லுதேன். சுவத்துல உங்களுக்கும் ஒரு கோடு போட்டுக்கிடுங்க."

வைத்துவிட்டு, பென்சில் தேடி எடுத்து, அவருடைய கோட்டுக்கு ஏழு செ.மீ. கீழே ஒரு கோடு போட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு, நிமிர்ந்து நின்று, அந்த ஆறையும் மறுபடி எடுத்தேன்.